இணைய நிதியும் நம் பங்கும்

(திண்டிவனத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் தொலைத்தொடர்பு நிதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. இக்கழகம் தோன்றிய நாளில் நம் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டவை பாடநூலும், விடுதியில் ஓர் இடமும், தேர்வுக் கட்டணமும். இன்று கல்வி உதவித்தொகைக்கும், கல்லூரிச் சேர்க்கைக்கும், தேர்வாணையத் தேர்வுக்கும் இணையத்தின் வழியேதான் விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, தந்தை கைப்பேசியுடன் வேலைக்குச் சென்றுவிட்டால் அன்றைக்கு அவ்வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் வகுப்பு இல்லை. இதை ஆசிரியர்களாகிய நாங்கள் நேரில் கண்டோம்.

எளியவர்க்கும் இணையம் கிடைக்கச் செய்வதற்கென்றே நம் நாட்டில் ஒரு நிதி இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கையில் அதற்கு வித்திடப்பட்டது. 2002 ஏப்ரல் முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. 2003இல் தந்திச் சட்டத்தைத் திருத்தி அதற்குச் சட்ட வடிவம் அளித்தனர். அனைவருக்கும் சேவை அளிக்கும் கடமைக்கான நிதி என்பது அன்றைய பெயர். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி.

இதில் சேரும் பணம் யாருடையது? ஒரு கணக்குச் சொல்கிறேன். மாணவர்கள் மனத்திலேயே போட்டுப் பார்க்கலாம். செங்கல் சூளையில் வேலை செய்யும் நம் சகோதரர் ஒருவர் 236 ரூபாய்க்குத் தம் கைப்பேசியை ரீசார்ஜ் செய்கிறார் என்று கொள்வோம். அதில் 36 ரூபாய் சரக்கு மற்றும் சேவை வரி. எஞ்சிய 200 ரூபாய் நிறுவனத்தின் வருவாய். சில கழிவுகள் போக அந்த வருவாயில் நூற்றுக்கு ஐந்து இந்த நிதிக்கென வசூலிக்கப்படுகிறது. ஆக ஏறத்தாழ 10 ரூபாய் அந்தக் கூலித் தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து செல்கிறது. நிறுவனம் கட்டுவதாகக் கணக்கில் எழுதப்பட்டாலும், அது நம்மிடம் வாங்கிக் கட்டும் பணமே. ஆகவே இந்நிதியை அரசின் சலுகை என்று எவரேனும் சொன்னால் ஏற்காதீர்கள்.

வசூலான பணம் நேராக நிதிக்குச் செல்வதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது முதலில் இந்தியத் தொகுநிதியில் சேர்கிறது. பின்னர் நாடாளுமன்றம் ஒதுக்கீடு செய்தால்தான் நிதிக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. இதனால் பல்லாயிரம் கோடி ரூபாய் உரிய பணிக்குச் செலவாகாமல் ஆண்டுக்கணக்கில் தேங்கியது. இக்கதை நமக்குப் புதிதன்று. 1979இல் தொடங்கப்பட்ட சிறப்புக் கூறுத் திட்டத்தில் நம் பெயரால் ஒதுக்கிய தொகைகள் செலவிடப்படாமல் திரும்பியதையும், வேறு பணிக்கு மடைமாறியதையும் கண்டு நொந்தவர்கள் நாம். அந்நிலை மாறத் தனிச் சட்டம் வேண்டுமென்று நெடுங்காலம் கேட்டோம். தமிழ்நாட்டில் 2024இல் அச்சட்டம் வந்தது. அதே கோரிக்கையை இங்கும் எழுப்ப வேண்டும். வசூலாகும் தொகை முழுவதும் அந்தந்த ஆண்டே நிதிக்கு வந்து சேரச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

தேங்கிய பணம் தீரும் வரை இவ்வசூலை நிறுத்தி வைக்க வேண்டும் என்கின்றன தொலைபேசி நிறுவனங்கள். ஏரியில் நீர் இருக்கிறது என்பதற்காக வரத்து வாய்க்காலை அடைப்பது போன்ற யோசனை இது. மதகைத் திறக்க வழி தேடுவதே முறை. இணையப் போக்குவரத்தால் பெரும் பொருள் ஈட்டும் வெளிநாட்டுப் பெருநிறுவனங்களும் பங்கு தரவேண்டும் என்று அவை கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அப்பங்கு பொது நிதிக்கு வரவேண்டுமேயன்றி, இந்நிறுவனங்களின் பெட்டிக்குச் செல்லலாகாது.

வசூலே வேண்டாம், வரவுசெலவுத் திட்டத்திலிருந்து கொடுத்தால் போதும் என்போர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை அரசு ஏற்ற திட்டமொன்று இருந்தது. ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் குடும்பங்கள் பயன்பெற்றன. ஒரே தடவையாக ஒதுக்கிய பணம் தீர்ந்தது. புதிய ஒதுக்கீடு வரவில்லை. 2024 ஜூன் முதல் நாளில் திட்டம் முடிந்தது. தொலைபேசி வருவாயில் பங்கு பெறும் அந்நாட்டின் பழைய நிதியோ வழக்குகளையும் தாங்கி நின்றது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

இனிச் செலவைப் பார்ப்போம். நிதியின் பெரும் பணி பாரத்நெட். 2011இல் வேறு பெயரில் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பிவடம் கொண்டு செல்லும் பொறுப்பைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் ஏற்றுள்ளது. கம்பிவடம் ஊராட்சி அலுவலகம் வரை வரும். அலுவலகம் எங்கே இருக்கிறது? நம் மாவட்டத்தில் பெரும்பாலும் ஊர்த் தெருவில். காலனி வயல்களுக்கு அப்பால். அலுவலகத்திற்கு வந்த இணைப்பைக் காலனிக்கும் வந்ததாகக் கணக்கெழுதினால் நமக்கு என்ன பயன்? இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையும் கிணறும் அலுவலகமும் நமக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். இக்காலத்துப் பொதுச் சாலை இக்கம்பிவடம்.

கம்பிவடம் வந்தாலும் மாதக் கட்டணம் கட்ட முடியாதவன் என்ன செய்வான்? 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழ்நாடு அரசு சுமார் 9 இலட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி வழங்கும் அட்டைகளை அறிவித்தது. நான்கு மாதங்களுக்கே என்றாலும், உதவி மாணவன் கைக்கே சேர வகை செய்த முறை அது. மத்திய நிதியின் ஒரு பகுதியையும் இவ்வாறு விடுதி மாணவர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் அளிக்க வேண்டும் என்பது என் துணிபு. இதற்கு விதியில் இடமிருக்கிறது. 2024 ஆகஸ்டு 30ஆம் நாள் வெளியான விதிகள், நிதியுதவி பெறத்தக்க பணிகளுள் பெண்கள், மாற்றுத் திறனாளிகள், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் நலிந்தோர் ஆகியோருக்குச் சேவை அளிப்பதையும் சேர்த்துள்ளன. அச்சொற்களுக்குரிய தொகை எவ்வளவு, அது யாருக்குச் செலவாயிற்று என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

இளைஞர்களே, வரும் கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊராட்சிக்குக் கம்பிவடம் வந்துவிட்டதா, எந்தக் கட்டடத்தில் முடிகிறது, காலனிப் பள்ளிக்கும் விடுதிக்கும் இணைப்பு எப்போது என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானத்தில் எழுதச் செய்யுங்கள். 2023இல் திருத்தியமைத்த பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சித் தலைமையிடம் அல்லாத கிராமங்களுக்குக் கேட்டால்தான் இணைப்பு. எனவே எழுத்தில் கேட்பது இன்றியமையாதது. விடை வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கழக அலுவலகத்திற்கு வரலாம். நானும் அங்கே இருப்பேன்.