கடைமடைக்கு இரத்தம் போகிறதா?



ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் தஞ்சாவூர் ஜனங்கள் கேட்பது ஒன்றுதான்: கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா? கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விட்டாலும், வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைசி வயல் காயத்தான் செய்யும்.

நம் சரீரத்தின் கடைமடை பாதம். நீரிழிவு முற்றிய விவசாயி வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறார். முள் குத்தினாலும் தெரிவதில்லை. அவர் புண்ணோடு வரும்போது, பாதம்வரை இரத்தம் ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். ஓட்டம் இல்லாமல் விரலை எடுத்தால் அந்த வெட்டுக்காயமும் ஆறாது. கணுக்காலில் இரத்த அழுத்தம் அளந்தால் போதாதா என்பீர்கள். நீரிழிவில் இரத்தக்குழாய் சுண்ணாம்பேறி இறுகிவிடுவதால் அந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். ஆகவே டாப்ளர்.

நெருங்கும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? கிறிஸ்டியன் டாப்ளர் 1842ல் சொன்ன தத்துவம் அது. 1845ல் நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதவைத்துச் சோதித்தார்கள். இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் அப்படியே மாறுகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை 60 டிகிரி சாய்வில் அனுப்பினால், வினாடிக்கு 1 மீட்டர் ஓடும் இரத்தம் சுமார் 3,200 ஹெர்ட்ஸ் மாற்றம் தரும். அது நம் காதுக்கே கேட்கும்!

குழாயின் நடுவில் வேகம், ஓரத்தில் மந்தம். எல்லாம் கலந்தே வரும். ஃபூரியர் கணக்கினால் கருவி அவற்றைப் பிரித்துப் படமாகக் காட்டுகிறது. குறுகிய மதகில் தண்ணீர் சீறுவதுபோல, குறுகிய இடத்தில் இரத்தமும் சீறும். முந்தின இடத்தைவிட வேகம் இரட்டித்தால் பாதிக்குமேல் அடைப்பு என்று எண்ணுகிறோம்.

தவறவும் இடமுண்டு. கோணம் 65 டிகிரியாயிருக்க 60 என்று வைத்துவிட்டால் வேகம் 15 சதவீதம் குறைந்து காட்டும். அதைவிட எங்களைப் பயப்படுத்துவது வடிகட்டி. இரத்தக்குழாயின் சுவர் துடிப்பதனால் வரும் பலத்த, தாழ்ந்த ஒலியை நீக்க அது வேண்டும். ஆனால் அதை உயர்த்தி வைத்தால், அடைப்புக்கு அப்பால் மெல்ல ஊறும் இரத்தத்தின் ஒலியும் சேர்ந்து போய்விடும். இருக்கிற ஓட்டத்தை இல்லை என்று எழுதிவிடுவோம். அந்தச் சீட்டை நம்பி ஒருவருடைய கால் போகலாம்.

ஆகவே "ஓட்டம் இல்லை" என்று எழுதுமுன் வடிகட்டியைத் தாழ்த்தி, வேக அளவையும் குறைத்து, மறுபடி வைத்துப் பார்க்கிறோம். பத்து நிமிஷம் கூடுதலாகும். வெளியே வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுப்பதுண்டு.