பேராலயத்தின் கருவூலமும் நம் ஏடுகளும்



வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்க மேடையில் சாந்தோம் பேராலயத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். புனித தோமையாரின் கல்லறை எனப் போற்றப்படும் இடத்தில் 1523-இல் போர்த்துகீசியர் ஓர் ஆலயம் எழுப்பினர். இன்றுள்ள கட்டடம் 1896-இல் நிறைவுற்றது. 1956-இல் அது பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது.

ஆயினும், ஆலயங்களின் பெருஞ்செல்வம் வானளாவும் கோபுரமன்று. காத்து வைத்த கல்லும் ஏடுமே. தோமையார் பெயரால் விளங்கும் பரங்கிமலையில், 1547-இல் அடித்தளம் தோண்டியபோது எழுத்துப் பொறித்த சிலுவைக் கல் ஒன்று கிடைத்தது. அவ்வெழுத்து பாரசீகத்தின் பழைய பஹ்லவி என்று பர்னல் என்னும் அறிஞர் 1873-இல் விளக்கி எழுதினார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அக்கல் பேசியது; காரணம், அதனை எவரும் எறிந்துவிடவில்லை.

கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் 1753-இல் இராபர்ட் கிளைவ் மணம் புரிந்த செய்தி பதிவேட்டில் நிற்கிறது. நம் பூட்டனார் மணம் எந்த ஏட்டில் நிற்கிறது? எழுதப்படாத வாழ்வு, நடவாத வாழ்வாகவே கருதப்படும் அன்றோ!

இது வெறும் பெருமைக்கான கேள்வியன்று. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய நம் ஊர்கள் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் அவல நிலையை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு ஆணை பிறந்தது. பின்னர் அந்நிலங்களில் பல பிறர் கைக்குச் சென்றன. இன்று அவற்றை மீட்க வாதாடுவோர் முதலில் தேடுவது பழைய நிலப் பதிவேட்டையே. ஏடு இருப்பின் வழக்கு நிற்கும். இல்லையேல் கண்ணீரே மிஞ்சும்.

பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார், 1914-இல் மறைந்தார். அவ்விதழ்களைச் சிலர் போற்றிக் காத்தமையால், 1999-இல் அவர் சிந்தனைகள் தொகுதிகளாக வெளிவந்தன. பேராலயமும் பெருநிதியும் இல்லாத நம்மவரே காத்த கருவூலம் அது.

இளைஞர்களே! உங்கள் இல்லத்துப் பெட்டியிலுள்ள பட்டா, பள்ளிச் சான்றிதழ், பழைய கடிதம், மணவோலை எதனையும் பழைய காகிதக் கடையில் போடாதீர்கள். பாட்டன் பாட்டியர் கூறும் செய்திகளை நாளும் ஊரும் குறித்து எழுதுங்கள். நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேடுகளைக் கட்டடம் செய்து, கரையானுக்கு இரையாகாது ஒரு பேழையில் வைப்போம். பொன் விழாக் காணும் தலைமுறைக்கு அதுவே நாம் விட்டுச் செல்லும் செல்வம்.

வளர்க கல்வி! வாழ்க நம் சங்கம்!