குருதியும் உறவும்
(மந்தைவெளியில் ஆற்றிய பொழிவு)



உசிலம்பட்டியை அடுத்த சோதிமாணிக்கத்து ஆடவர் சிலரிடம் எம்130 என்னும் மரபணு அடையாளத்தைக் கண்டறிந்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன். 2005-இல் தொடங்கிய உலக மரபணு வழித்தட ஆய்வின் இந்தியப் பிரிவை நடத்தியவரும் அவரே.

ஆப்பிரிக்காவினின்று புறப்பட்ட மாந்தர், ஏறத்தாழ 50,000 ஆண்டுகட்கு முன் கடலோரமாய்க் கிழக்கே நடந்த தடம் அஃது என்பர். ஆத்திரேலியப் பழங்குடியாரிடமும் அதன் கிளை உண்டு. இதுகொண்டு, ‘எம் குலமே முதற்குலம்’ எனச் செருக்குவார் உளராயின், ஒன்றை எண்ணுக!

அவ்வடையாளம் தந்தையினின்று மகனுக்கு மட்டுமே செல்வது. மாமனுடையது மருமகனுக்கு வாராது. ஆயினும் காதணி விழாவிற் குழந்தை அமர்வது யார் மடியில்? தாய்மாமன் மடியிலன்றோ!

குருதி வழித்தடத்தைக் காட்டும், குலவுயர்வைக் காட்டாது. உறவைத் தருவன முறையும் மொழியுமே. சாதிச் செருக்கை ஒழிமின்; தமிழால் ஒன்றுபடுமின்!