காதலர் தினம்: யாருக்கு லாபம்?



பிப்ரவரி 14, ரோமில் கொல்லப்பட்ட வேலன்டைன் என்ற கிறிஸ்தவரின் நினைவு நாள். காதல் அதில் சேர்ந்தது மிகப் பிந்தித்தான். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், பறவைகள் இணை தேடும் நாள் என்று அதைப் பாடி வைத்தார். 1969இல் கத்தோலிக்கத் திருச்சபையே தன் பொது நாட்காட்டியிலிருந்து அதை நீக்கிவிட்டது.

திருச்சபை விட்டாலும் சந்தை விடவில்லை! ஜப்பானைப் பாருங்கள். அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் தருவது வழக்கம். உடன் வேலை செய்பவர்களுக்குக்கூட 'கடமைச் சாக்லேட்' உண்டு. ஆண்கள் பதில் மரியாதை செய்ய மார்ச் 14ஐ 'வெள்ளை நாள்' ஆக்கியவர்கள் மிட்டாய் வியாபாரிகளே! 2018இல் கோடைவா என்ற சாக்லேட் நிறுவனமே, கடமைக்குக் கொடுப்பதை விடுங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தது.

வாலிபர்களே, அன்புக்கு விலைச்சீட்டு உண்டா? வியாபாரிகளே, விற்பது உங்கள் தொழில். ஆனால், வாங்க வழியில்லாதவன் அன்பில்லாதவன் என்று எண்ணும்படி விற்காதீர்கள்!