சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

(கிளைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், வீடு, வைத்தியம் என்று பெரிய காரியங்கள் பேசுகிற மேடை இது. இதில் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் கண்டதும் சிலர் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள்தாம் வரிசையாக நிற்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சுவரோரமாகப் பாருங்கள். பழைய இரும்புச் சைக்கிள்கள் சாய்ந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்று நாட்டிங்காமில் செய்த ராலி. அந்த நாட்டிங்காம் தொழிற்சாலையில் 2002-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுவிட்டது. பெற்றெடுத்த பட்டறை போய்விட்டது. பிள்ளை மட்டும் நம் லயத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தோழர்களே, சைக்கிளும் நாமும் ஒட்டிப் பிறந்தவர்கள். கதையாகச் சொல்லவில்லை, கணக்காகவே சொல்கிறோம். 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதை லண்டனுக்குப் போனது. மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. வந்தும் என்ன? காப்பிதான் பெரிது என்றிருந்த தோட்டக்காரர்கள் அந்த மரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1888-இல் டன்லப் என்கிற மிருக வைத்தியர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் செய்து பூட்டினார். அதே 1888-இல் ரிட்லி சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டறியும் வேலையைத் தொடங்கினார். அடுத்த பத்து வருஷத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பிடித்தது. டயருக்கு ரப்பர் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்டது முதலில் சைக்கிள்தான். மோட்டார் கார் பிறகு வந்து சேர்ந்துகொண்டது. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் ரப்பர்த் தோட்டம் போட்டார். அதன் பின் காடு அழிந்தது, நிரை எழுந்தது, கப்பல் கப்பலாக நம் பாட்டன்மார் வந்து இறங்கினார்கள்.

ஆக, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை குலுங்காமல் சவாரி போக நாம் பால் வெட்டினோம். நாம் சவாரி போக எத்தனை காலம் ஆயிற்று? போனபோதுதான் என்ன நடந்தது?

இங்கேதான் 1941-ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலை நிறுத்தம் செய்த ஆண்டு அது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றார்கள். தொழிலாளர் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து போவது, சங்கம் வைத்துக்கொள்வது. இவையெல்லாம் நமக்கு விளங்குகின்றன. இவற்றின் நடுவே இன்னொன்றும் எழுதியிருந்தார்கள்: துரைமாரும் ஆசிய உத்தியோகஸ்தரும் எதிரே வந்தாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும்.

சைக்கிளில் இருந்து இறங்குவது பெரிய வருத்தமா என்று கேட்கலாம். மேட்டில் சுமையோடு ஏறியவரைக் கேளுங்கள். இரும்புச் சைக்கிள் அதுவே இருபது கிலோ அளவுக்குக் கனக்கும். பின்னால் கேரியரில் வாளியோ, அரிசி மூட்டையோ, காய்ச்சல்காரப் பிள்ளையோ இருக்கும். செம்மண் சடக்கில் உந்தி உந்தி மேடேறுகிறவன் பாதியில் இறங்கினால் மறுபடி ஏறி மிதிக்க முடியாது. உச்சி வரை தள்ளத்தான் வேண்டும். உடம்புக்கு இந்த வேதனை. மனத்துக்கோ வேறு. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய சொந்த வண்டி. லயம் அவனுடையதல்ல, உளி வைக்கும் மரம் அவனுடையதல்ல, வெட்டிய பாலும் அவனுடையதல்ல. அவனுடையது என்று சொல்ல இருந்ததே அந்த இரண்டு சக்கரம். அதன்மேல் அவன் உட்கார்ந்திருப்பதுகூட இன்னொருவன் கண்ணை உறுத்தியது!

ஆபீசில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிய உத்தியோகஸ்தர் என்று அந்தக் கோரிக்கையில் கண்டவர் யார்? செக்ரோல் எழுதிய கிராணிமார் அதில் அடக்கம். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் இதைக் கசந்தாலும் வாசித்தாக வேண்டும். துரை கண்ணில் படுவது எப்போதோ ஒரு வேளை. கிராணி காலையில் பிரட்டிலும் உண்டு, மாலையில் சடக்கிலும் உண்டு. இறங்கி இறங்கி ஏறியது யார் பொருட்டு அதிகம் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள்.

அந்தக் கோரிக்கைகளுக்குக் கிடைத்த பதில் என்ன? 1941 மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பித்துத் துருப்புகளை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். எதில் வந்தார்கள்? லாரி பாதி, சைக்கிள் பாதி. போகிற வழியில் ஜனங்களிடம் பிடுங்கிய சைக்கிள்களும் அவற்றில் சேர்த்தி. டயர் வெடித்தால் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்த இரைச்சலைக் கேட்டு டாங்கி வருகிறது என்று பயந்தவர்களும் உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. எவர் முன்னால் இறங்கி நிற்கச் சொன்னார்களோ, அந்தத் துரைமார் காரேறித் தெற்கே ஓடினார்கள். நமக்கு அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. புதிதாக வந்தவன் நம்மைச் சயாம் ரயில் போட அனுப்பினான்.

பழைய கதை இவ்வளவு போதும். இப்போதைய சங்கதிக்கு வருவோம்.

பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கேட்டில் நடந்ததைச் சென்ற மாதம் சிலர் கண்டு வந்து சொன்னார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம், பேச்சுவார்த்தை நடக்கிறது. வங்காளதேசத்துப் பையன்கள் இருவர் வேலை முடிந்து சைக்கிளில் வந்திருக்கிறார்கள். காவலாளி அவர்களை இறங்கச் சொல்லி, ஆபீஸ் வாசல் தாண்டும் வரை தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்த நம் ஆட்களை ஒன்றும் சொல்லவில்லை. பாதுகாப்பு என்று காரணம் சொன்னாராம். பாதுகாப்பு என்றால் எல்லாருக்கும் அல்லவா பாதுகாப்பு? மோட்டார் சைக்கிள் மட்டும் யாரையும் மோதாதா?

அதைக் கண்டு நம்மவர் ஒருவர் சிரித்தார் என்பதுதான் நம்மை உறுத்துகிறது. அவருடைய தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவராம். அந்தப் பிள்ளைகள் வெட்டுவதும் அதே பால்தான். சட்டம் அவர்களுக்கும் சங்கத்தில் சேர இடம் தருகிறது. சேர்க்க வேண்டியது நாம். பாஷை தெரியவில்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம். காற்று இறங்கிய டயருக்குப் பம்பை நீட்ட எந்தப் பாஷையும் வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி, இதைக் கவனமாகக் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு நேரே போகும் வழியிலோ, வேலை முடிந்து நேரே வீடு திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால், அது வேலை விபத்தாகவே கணக்கு. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சொக்சோ கொடுக்க வேண்டும். காரா சைக்கிளா என்று அது பார்ப்பதில்லை. வழியை விட்டு விலகிக் கடைக்கோ வேறெங்கோ போயிருந்தால்தான் சிக்கல் வரும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் வேலை விபத்துக் காப்பில் சேர்த்துவிட்டார்கள். விபத்தைப் பற்றி முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். சிராய்ப்புத்தானே என்று மஞ்சள் பூசிப் படுத்துக்கொள்ளாதீர்கள். அன்றே ஆபீசில் சொல்லுங்கள், டாக்டர் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

விபத்தே வராமல் இருப்பது அதைவிட நல்லது. பழைய சைக்கிளில் கம்பி பிரேக், மேலே பளபளக்கும் ரிம். மழையில் நனைந்தால் அந்தப் பிரேக் பிடிக்காது. பிடித்த மாதிரி பாவனை செய்யும். இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். விடியாத நேரத்தில் மரத்துக்குப் போகிறவர்கள் விளக்கில்லாமல் ஏறவே வேண்டாம். லாரிக்காரருக்கும் அந்நேரம் பாதித் தூக்கம். டைனமோ தேய்ந்துவிட்டால் நெற்றி லைட்டாவது போதும். பின்னால் சிவப்பு ஒன்று கட்டாயம். குட்டையாக இருக்கிற பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் அப்பாவின் உயரமான பார் வண்டியைக் கொடுத்து அனுப்புவது சிக்கனமல்ல. அவசரத்தில் கால் ஊன்ற எட்டாது. விழுந்தால் சுமையும் மேலே விழும். பார் இல்லாத வண்டி பாருங்கள்.

புதிதாக அலுமினிய வண்டி வாங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இலேசுதான், துருப்பிடிக்காதுதான். நம் தோட்டத்துச் சடக்குக்கும் சுமைக்கும் நாம் இரும்பையே சொல்வோம். இரும்பு வளையும், வளைந்ததை நிமிர்த்தலாம். பித்தளை வைத்துப் பற்ற வைக்கப் பட்டணத்தில் ஆள் இருக்கிறது. அலுமினியம் வெடித்தால் நம் பக்கத்துப் பட்டறையில் அதைத் தொட ஆளில்லை. இரும்புக்கு ஒரே எதிரி ஈரம். பால் சிந்தினால் காய விடாமல் அன்றே கழுவித் துடையுங்கள். காய்ந்த பாலுக்கு அடியில் ஈரம் நின்று துரு ஏறும். செயினுக்கு வாரம் ஒரு தரம் எண்ணெய், மழைக்காலத்தில் இரண்டு தரம். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது பிசினாகிவிடும். பஞ்சர் ஒட்டுகிற பசை இருக்கிறதே, அதுவும் ரப்பரைக் கரைத்துச் செய்ததுதான். பூசியவுடன் ஒட்டாதீர்கள், ஈரப்பளபளப்பு போகும் வரை பொறுத்து அழுத்துங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இந்த மண்டபத்தின் பின்புறம் பம்பும் ஸ்பானர்களும் பசை டின்னும் வைத்திருப்போம். கயிறு போட்டுக் கட்டிய பெடல், கோணிய சக்கரம், ஓலமிடும் செயின், எது இருந்தாலும் தள்ளிக்கொண்டாவது வாருங்கள். திரும்பும்போது ஏறிப் போகலாம். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் இருவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அவர்கள் வரும்போது கேட்டுப் பக்கம் நம் ஆட்கள் நாலு பேர் சைக்கிளோடு நின்று கூட்டி வர வேண்டும். யார் யார் போகிறீர்கள் என்று கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.