எரிவாயு அடுப்பு வைக்குமுன் அடுப்படியைப் பாருங்கள்
(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளுக்கும் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. 2007ஆம் ஆண்டில் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. விடிந்ததும் பனியன் கம்பெனி வேனுக்கு ஓட வேண்டிய பெண்களுக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருக்க நேரம் ஏது? இருந்தாலும் விறகடுப்பு அடியோடு போய்விடவில்லை. வெந்நீருக்கும் மாட்டுக் கஞ்சிக்கும் தென்னை மட்டையும் பருத்திமாரும் தோட்டத்திலேயே கிடைக்கின்றனவே! ஆகவே பல வீடுகளில் ஒரே அடுப்படியில் இரண்டு அடுப்புகள். கவனம் வேண்டியது இங்கேதான்.

முதலில் தரையைப் பாருங்கள். பழைய அடுப்பைத் தோண்டிய பள்ளம் இருந்தால், சாம்பலை முழுதும் அள்ளி நீர் தெளித்து, மண் கொட்டி மெத்திவிடுங்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு நெடுநேரம் அணையாமல் கிடக்கும். சிலிண்டரில் உள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீரைப்போல் தாழ்ந்த இடம் தேடி ஓடிப் பள்ளத்திலும் சாக்கடைத் துளையிலும் தங்கும். எனவே தரையை ஒட்டி வெளியே திறக்கும் காற்றுத் துளை ஒன்று அவசியம். சிலிண்டரை நேராகத் தரையில் நிறுத்தி, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் வைக்க வேண்டும்.

அடுத்தது புகைபோக்கி. "கேஸில் புகையே இல்லை, இது எதற்கு?" என்று பனியன் வேஸ்டைச் சுருட்டி அதில் அடைத்துவிடுகிறார்கள். மழைச்சாரலும் அணிலும் வராதுதான். ஆனால் எரிவாயுவும் எரிவதற்கு அறையின் காற்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். கசிவை நாம் அறிய வேண்டுமென்று சிலிண்டர் வாயுவில் நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இந்த நச்சுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரையும் காற்று வரத்தையும் உடனே கவனியுங்கள்.

புகைபோக்கியைச் சோதிப்பது எளிது. சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டுவருமுன், பழைய அடுப்பில் ஒரு கைப்பிடி காய்ந்த ஓலையைக் கொளுத்துங்கள். புகை விறுவிறுவென்று மேலே ஏறினால் நல்லது. அறைக்குள் திரும்பினால் கூடோ ஒட்டடையோ அடைத்திருக்கிறது. அடுப்பு ஆறிய பிறகு மேலிருந்து கழியில் சாக்குக் கட்டி இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே படிந்த கரியே தீப்பற்றக்கூடியது. ஓலை வேய்ந்த கூரையானால் கேட்கவே வேண்டாம்.

சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அந்த வாயு காற்றைவிட லேசானது, மேலே ஏறும். அவர்களுக்கு மேல் துளைதான் முக்கியம்.

கூடுமானால் விறகடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள். வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறவர்கள் துணி மூட்டைகளை அடுப்படியில் அடுக்க வேண்டாம். பஞ்சுத்தூசிக்கு ஒரு பொறி போதும்.

கசிவு நாற்றம் அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தால் எல்லோரும் முதலில் வெளியேறுங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.