சூதும் சட்டமும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வள்ளுவர் சூதினை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்துக்கு முன்னுமாக 94ஆம் அதிகாரமாய் அது நிற்கிறது. பாவமென்று ஒதுக்காமல், பொருளை அழித்து நோய்க்கு அண்டை வீடாய் நிற்கும் பழக்கமென்று கருதினார் போலும். விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாமா என்னும் இன்றைய வழக்கில் ஒரு சாரார் ஒழுக்கத்தையும் மறுசாரார் தனிமனித உரிமையையும் உரக்கப் பேசுகின்றனர். பொருட்கணக்கிலிருந்து தொடங்குவோர் சிலரே.

அக்கணக்கு மிக எளியது. சம வலிமையுள்ள இரு கிரிக்கெட் அணிகள் மோதுகின்றன என்க. எந்த அணியின்மேல் 100 ரூபாய் கட்டினாலும், வென்றால் 190 ரூபாய் தருவதாகத் தரகன் சொல்கிறான். ஒருவன் இப்பக்கமும் மற்றொருவன் அப்பக்கமும் கட்டினால் தரகனிடம் சேர்வது 200. அவன் கொடுப்பது 190. எந்த அணி வென்றாலும் பத்து ரூபாய் அவனுடையது. அவ்விருவரும் நாள்தோறும் மாறி மாறி வென்றுகொண்டே இருந்தாலும் இருபது நாளில் இருவர் பையிலும் சேர்த்து 200 ரூபாய் குறைந்திருக்கும். குதிரைப் பந்தயத் திடலின் பொதுத்தொகை முறையிலும் நிகழ்வது இதுவே: கட்டிய பணமெல்லாம் ஓரிடத்தில் சேரும், கழகத்தின் பங்கும் வரியும் முதலில் கழியும், மிஞ்சியதே வென்றவருக்கு.

சட்டமோ இக்கணக்கைக் கேட்பதில்லை. ஆட்டத்தில் திறமை மிகுதியா, தற்செயல் மிகுதியா என்றே கேட்கிறது. 1967இல் ஆந்திர வழக்கொன்றில் ரம்மியைத் திறமை சார்ந்த ஆட்டம் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டில் பரிசுச் சீட்டைத் தொடங்கியது அன்றைய சென்னை மாநில அரசு. ஆறாண்டு கழித்து, 1974இல், குதிரைப் பந்தயத்தை ஒழிக்கவும் சட்டம் செய்தது. (பரிசுச் சீட்டு விற்பனை தமிழ்நாட்டில் 2003இல்தான் தடை செய்யப்பட்டது, ஒரு கையால் விற்று மறு கையால் தடுப்பது அரசுகளுக்குப் புதிதன்று.) அந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கில் சிக்கி, 1996 சனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கின் தீர்ப்பாய் முடிந்தது. குதிரையின் மரபு, அது பெற்ற பயிற்சி, ஓட்டுபவரின் ஆற்றல் ஆகியவற்றை அறிந்தே பணம் கட்டப்படுகிறது. ஆகவே அதுவும் திறமை சார்ந்ததே என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. தர்க்கம் செம்மையானதே. ஆயினும் திறமை மிக்க ஆட்டத்தில்தான் திறமையற்றவன் தவறாமல் தோற்கிறான். தற்செயலாவது அவனிடம் சில வேளை இரக்கம் காட்டும்.

சட்டபூர்வமாக்கச் சொல்வோரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒளிந்து நடக்கும் பந்தயத்தில் கணக்கேடு இல்லை; வரி இல்லை; கடனைத் தண்டுவது அடியாளின் வேலை. 2000 ஏப்பிரலில் ஹேன்சி குரோன்யே அகப்பட்டது டெல்லிக் காவல்துறை தொலைபேசியை ஒட்டுக்கேட்டதனால். பந்தயம் சட்டபூர்வமாயுள்ள இங்கிலாந்தில், சூதில் ஏமாற்றுவதே 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2010இல் லார்ட்ஸ் திடலில் வேண்டுமென்றே நோ-பால் வீசிய வழக்கில் மூன்று பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் 2011இல் தண்டனை பெற்றனர். இங்கோ 2013ஆம் ஆண்டு ஐ.பி.எல். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆட்டக்காரர்களை 2015இல் விசாரணை நீதிமன்றமே விடுவித்தது. இவற்றையெல்லாம் கண்ட நீதிபதி லோதா குழு, 2016 சனவரியில், கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கப் பரிந்துரைத்தது.

ஆனால் ஆட்டத்தை விற்பதைக் குற்றமாக்கப் பந்தயத்துக்கு உரிமம் வழங்கவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு சட்டங்கள். 2018 சூலையில் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 276ஆம் அறிக்கை ஆட்ட மோசடியைக் குற்றமாக்கச் சொன்னது; சூதைச் சட்டபூர்வமாக்குவது இன்றைய நிலையில் விரும்பத்தக்கதன்று என்றும் சொன்னது. தடுக்க இயலாவிடில் முறைப்படுத்துக என்று கூறி, வருவாய் மிக்கோர்க்கு ஒருவகைச் சூதும் குறைந்தோர்க்குச் சிறுசூதுமாய்ப் பிரித்தது. அரசு மானியம் பெறுவோரும் வருமான வரி வரம்புக்குள் வராதோரும் ஆடவே கூடாதென்றது. ஏழையைக் காக்க எழுந்த எண்ணம்தான். எனினும் மாதச் சம்பளக்காரன் தோற்றால் அவன் வீட்டில் உலை கொதிக்கும் என்று ஆணையம் எப்படி நம்பிற்று?

பாஞ்சாலியைப் பாரதி பாடியது இவ்விடத்தே நினைவுக்கு வரும். ஆடியவன் தருமன், அவைக்கு இழுத்து வரப்பட்டவள் ஆடாதவள். உரிமை பேசுவோர் ஆடுபவனின் உரிமையைப் பேசுகின்றனர். பணயமாக வைக்கப்படுவோரின் ஒப்புதலை எந்த உரிமப் படிவமும் கேட்பதில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, தற்செயல் என்ற வேறுபாடின்றித் தடை செய்து சட்டம் இயற்றியது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கும் தண்டனை உண்டு. 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் விடுதியில் அகப்பட்ட ஆட்டக்காரனையும் தண்டித்தது. புதிய சட்டமோ ஆடியவனைப் பாதிக்கப்பட்டவனாகக் கொண்டு விட்டுவிட்டது. ஒன்றரை நூற்றாண்டில் நிகழ்ந்த இம்மாற்றம் பெரிது. இணையத்துக்கு வெளியே நிகழும் பந்தயம் மட்டும், அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 34ஆம் பதிவாக, அந்தந்த மாநிலத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது.